டப்பாவின் கையில் நாலாவது தட்டு

போன வியாழக்கிழமை சாயங்காலம் என்னுடைய பழைய உத்தியோகம் ஒன்று பறிபோனது.

பதற வேண்டாம். சம்பளமில்லாத உத்தியோகம்தான். எண்பதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் நான் மொழிபெயர்ப்பாளன். டெல்லியிலிருந்து ஒரு விண்வெளித் தொடர் வரும். முழுக்க இந்தி. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் லைன் வீட்டில் டி.வி. இருந்தது எங்களிடம் மட்டும். இந்தி தெரிந்ததும் எனக்கு மட்டும். பனியன் கம்பெனியில் கல்கத்தா வியாபாரிகளுக்குப் பதில் எழுதுகிற குமாஸ்தா நான். தெரியாமல் இருந்தால் பிழைப்பு நடக்காது. அதனால் லைனில் இருக்கிற அத்தனை பேரும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆகாயத்தில் மிதக்கிறவர்களைத் தமிழில் பேச வைப்பேன்.

அதே தொடரை இப்போது கேபிளில் தமிழிலேயே போடுகிறார்கள். அதில் வருகிற ரோபோகூட சுத்தத் தமிழ் பேசுகிறது. இனி நான் எதற்கு?

இருந்தாலும் பழைய ரசிகர்களை விட்டுவிட்டுத் தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. அந்த ரசிகர் கூட்டத்தில் இன்னும் லைனில் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர் — ருக்மணி. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. (நீங்கள் இன்னும் அதே லைன் வீட்டிலா என்று கேட்காதீர்கள். பத்திரிகையில் பத்தி எழுதி எவன் வீடு கட்டினான்?)

சொல்லி அனுப்பினேன். வந்தார். வெள்ளைப் புடவை, ஈரத்தலை. துவட்டியும் துவட்டாமலும் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். முதுகுப் பக்கம் புடவை நனைந்திருந்தது.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிவிட்டது. முகம் கழுவுவதற்கே லைனில் எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். மார்கழிக் குளிர் வேறு. இந்த நேரத்தில் யாராவது தலைக்குக் குளிப்பார்களா?

"ஏனுங்க்கா, பொழுதோட தலைக்கு ஊத்தியிருக்கீங்க?" கேட்டே விட்டாள்.

"செக்கிங்ல ஒரே பஞ்சுங்க அம்மணி. தலையெல்லாம் நமநமன்னு இருந்துச்சு" என்றார் ருக்மணி.

அதோடு விட்டுவிட்டோம். பெட்டியில் ராக்கெட் கிளம்பிக்கொண்டிருந்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு மேலே சுற்றுகிற ஒரு நிலையம். அதில் நாலு பேர் — தளபதி ஒருவர், டாக்டரம்மா ஒருவர், துடிப்பான இளைஞன் ஒருவன், எஞ்சினியர் தீபக். கூடவே ஒரு ரோபோ. தகர உடம்பு, சதுரத் தலை. அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் முதல் வாரமே அதற்கு 'டப்பா' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கீழே பூமியில் தீபக்கின் மனைவி மாலதி. பாதி நேரம் ஜன்னலோரம் நின்று ஆகாயத்தைப் பார்ப்பது அவள் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கதை பார்த்தார்கள். ருக்மணி மட்டும் ஆட்களைப் பார்த்தார். அதுவும் எப்படி? செக்கிங் டேபிளில் பீஸைப் பார்க்கிற மாதிரி.

"இந்தத் தளபதி வெளிய பாக்கறதுக்கு நல்ல பீஸுங்க. உள்பக்கம் திருப்பிப் பாத்தாத்தான் டேமேஜ் தெரியும்" என்பார். டாக்டரம்மா சிரித்தால், "இது சும்மா சிரிப்புங்க, கண்ணுக்கு வரலை" என்பார். ஒரு வாரம், உயிர் போகிற கட்டம். தீபக் கதவைத் திறந்து வெட்டவெளியில் குதிக்கப் போகிறான். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ருக்மணியின் குரல் மட்டும் கேட்டது: "ஏனுங்ணா, அந்த டிரெஸ்ஸுல தோள்பட்டைத் தையல் விட்டிருக்குதே. அதைப் போட்டுட்டு வெளிய போனா காத்துப் போயிராதுங்களா?"

கட்டம் போனது. கூடம் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மாலதியைத்தான் அவருக்குப் பிடிக்காது. "எப்பப் பாத்தாலும் இவ ஏன் ஜன்னல்கிட்டயே நிக்கறா? ஊட்டுல வேலைவெட்டி இல்லியாமா?" என்பார். அதற்கும் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு சங்கடம் இருக்கும். ஏனென்றால் ருக்மணியின் கதை லைனில் எல்லோருக்கும் தெரியும்.

ருக்மணியின் கணவர் தங்கவேல் லாரி டிரைவர். பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனார். லாரி திரும்பி வந்தது. அதை வேறொரு டிரைவர் ஓட்டி வந்தார். "டீ குடிக்கறேன்னு எறங்குனாருங்க. அப்புறம் ஆளைக் காணலைங்க" என்றான் கிளீனர். சொந்தக்காரர்கள் இரண்டு முறை கல்கத்தா போய்த் தேடிவிட்டு வந்தார்கள். போலீசில் சொன்னார்கள். ஜோசியம் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மகள் கவிதா அப்போது சின்னப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ருக்மணி செக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. கணவரைப் பற்றி யாராவது கேட்டால் "வருவாருங்க" என்று மட்டும் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

கவிதா வளர்ந்தாள். அவிநாசிப் பக்கம் ஒரு நல்ல இடம் வந்தது. பையன் தங்கமான பையன். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது, எல்லாம் பேசினார்கள். கிளம்பும்போது பையனின் பெரியப்பா ஒரு சங்கதியை எடுத்து வைத்தார். நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன்.

"பொண்ணோட அப்பா இருக்கறாரா இல்லியான்னு எங்களுக்கு ஒரு வார்த்தை வேணுமுங்க. இருக்கறாருன்னா மணையில வந்து நிக்கட்டும். இல்லைன்னா செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சுட்டு முகூர்த்தம் வெச்சுக்கலாம். ரெண்டுமில்லாத ஊட்டுல வந்து நாங்க பந்தக்கால் நட்டா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுதுன்னா தீட்டு எப்படிங்க கழிக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

தங்கவேலின் தம்பிக்கும் அதுதான் சரி என்று பட்டது. "அண்ணனுக்குக் காரியம் பண்ணிரலாமுங்க அண்ணி. இத்தனை வருஷமாச்சு. இனி எங்க வரப்போறாரு?"

யோசித்துப் பாருங்கள். ருக்மணி சரி என்று சொன்னால் வெள்ளைப் புடவை. பெற்ற ஒரே பெண்ணின் கல்யாணத்தில் மணமேடைப் பக்கம் கால் வைக்க முடியாது. முடியாது என்று சொன்னால் அந்தக் கல்யாணமே இல்லை. இரண்டில் ஒன்றை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"திங்கக்கெழமை சொல்றனுங்க" என்றார் ருக்மணி.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அங்கேதான் ராக்கெட் நாடகம் குறுக்கே வருகிறது.

முந்தைய வாரம் தீபக் ஒரு குட்டி ஓடத்தில் ஏறி நிலையத்துக்கு வெளியே ஏதோ ரிப்பேர் பார்க்கப் போயிருந்தான். கயிறு அறுந்து, ஓடம் இருட்டுக்குள் நழுவிவிட்டது. ரேடியோ செத்துவிட்டது. அந்த இடத்தில் 'தொடரும்' போட்டார்கள். லைன் முழுக்க அந்த வாரம் அதே பேச்சு. தீபக் பிழைப்பானா, மாட்டானா?

சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு வரும் வழியில் ருக்மணி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"நாளைக்கு ஷிப்மென்ட்டுங்ணா. ஞாயித்துக்கெழமைன்னு பாக்காம வரச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு சீன் உடாமப் பாத்து வெச்சுக்கோங்க. பொழுதோட டீ டைமுக்குக் கம்பெனி முன்னாடி இருக்கற பேக்கரிக்கு வந்து சொல்லிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்."

திருப்பூரில் ஷிப்மென்ட் என்று சொல்லிவிட்டால் சாவு வீட்டுக்காரனும் எழுந்து வேலைக்குப் போவான். நான் சரி என்றேன்.

மறுநாள் பார்த்தோம். பார்த்து முடித்ததும் கூடத்தில் பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரி வழியை மறித்தாள்.

"கடைசி சீனைச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"அவன் உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சா ருக்குக்கா நாளைக்கு ஒத்துக்க மாட்டாங்க. கவிதா கல்யாணம் நின்னு போயிரும்."

"நாடகத்தைப் பாத்தா ஒருத்தர் கல்யாணத்தை முடிவு பண்ணுவாங்க?"

"நீங்க எழுதறதைப் படிச்சுட்டு வெவசாயத்தை உட்டறட்டுமான்னு ஒருத்தர் கேட்டாரே, அவரு யாரு?"

அப்படி ஒருவர் கேட்டது உண்மைதான். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வதென்று தீர்மானித்துக்கொண்டேன். பேக்கரியில் கடைசி பெஞ்சு. ருக்மணி ஒரு டீயும் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முடியெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

"தளபதி தேடிப் பாத்தாருங்களா?"

"பாத்தாரு. ரேடியோவுல கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாரு. பதில் இல்லை. நிலையத்துல காத்து கொறைஞ்சுட்டே வருது. இனி காத்திருந்தா எல்லாருக்கும் ஆபத்துன்னு சொல்லி, கதவைச் சாத்தறதுக்கு உத்தரவு போட்டுட்டாரு."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"கல்லு மாதிரி."

"கையி?"

யோசித்தேன். "கை... அந்தப் பிடியிலயே இருந்துச்சு. சாத்துனதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் எடுக்கலை."

"அப்படீன்னா மனுசன்தான்" என்றார். தளபதி அன்றைக்கு ஒருவழியாக செக்கிங்கில் பாஸ்.

"டப்பா?"

டப்பா கட்டத்தைச் சொன்னேன். சாப்பாட்டு நேரம். எத்தனை தட்டு வைக்க என்று டப்பா வழக்கம்போல் கேட்கிறது. மூன்று என்கிறார் தளபதி. டப்பா எதிர்த்துப் பேசவில்லை, எந்திரம்தானே. ஒன்று, இரண்டு, மூன்று என்று மேஜையில் வைக்கிறது. நாலாவது தட்டும் அதன் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். அது நிற்கிறது.

ருக்மணி பன்னை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"கீழ வெக்கவே இல்லீங்களா?"

"சீன் அதோட முடிஞ்சுதுங்க."

"அதுக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது" என்றார். என்ன தெரிந்திருக்கிறது என்று சொல்லவில்லை. "சரி, அவ?"

மாலதியைச் சொன்னேன். ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து தீபக்கின் பையைக் கொடுக்கிறார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். மாலதி அழவில்லை. கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள். வகிட்டுக் குங்குமத்தைத் தானே துடைக்கிறாள். பிறகு ஜன்னலைச் சாத்துகிறாள்.

அதற்கு மேல் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். ருக்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டார். டேமேஜ் பார்த்துப் பழகிய கண்.

"இன்னொரு சீன் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. தீபக் சாகலை. எங்கியோ ஒரு பாறையில ஓடம் மோதி நின்னிருக்குது. ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்றான். கடைசியில கரகரன்னு சத்தம் வருது, கூப்புட்டுப் பேசறான். அதோட முடிச்சுட்டாங்க."

ருக்மணி டீயை உறிஞ்சினார். ஆறிப்போன டீ.

"அவன் உசுரோட இருக்கறது அவளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. நமக்குத்தான் தெரியும்."

"ரேடியோ வேலை செஞ்சுதுங்களே. மொதல்ல யாரைக் கூப்புட்டான்?"

"ஸ்டேஷனை."

"ஊட்டைக் கூப்புடலை?"

"இல்லீங்க. தளபதியைக் கூப்புட்டு, மெஷின் என்ன ஆச்சுன்னு கேக்கறான்."

ருக்மணி எழுந்து, மிச்ச பன்னைக் காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கவிதாவுக்காக இருக்கும். "நாளைக்கு மாப்ளை ஊட்டுக்காரங்க வந்தா சரின்னு சொல்லிடறனுங்ணா" என்றார். சொல்லிவிட்டுக் கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டார்.

என் வீட்டுக்காரியின் பயம் தலைகீழாகப் போனது. எனக்கு, மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு கதை, அதை ஒருவன் சொன்ன விதம், ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் கொடுத்துவிட்டது. மாலதி துடைத்தாள், ருக்மணியும் துணிந்தார். இப்படி நினைத்துக்கொண்டேன். 'கதைகள் நமக்கு வழிகாட்டும்' என்று இதே பத்தியில் ஒரு முறை எழுதியும் வைத்தேன். சிலர் அதைப் பாராட்டினார்கள்கூட.

நொய்யல் கரையில் காரியம் நடந்தது. உடம்பு இல்லை. ஆகவே தங்கவேலின் வேட்டியையும் சட்டையையும் ஒரு மணைப்பலகையில் வைத்து எல்லாவற்றையும் செய்தார்கள். அன்றைக்கு ஆறு சாயப்பட்டறைத் தண்ணீரால் கத்திரிப்பூ நிறத்தில் ஓடியது. ஊரில் யாருக்கோ அந்தக் கலரில் பெரிய ஆர்டர். ருக்மணியின் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைப் புடவை கொண்டுவந்தார். ருக்மணி அழவில்லை. சுற்றி இருந்த பெண்கள் அவருக்கும் சேர்த்து அழுதார்கள். "கல்லு நெஞ்சுக்காரி" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

கல்யாணமும் நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்தது தங்கவேலின் தம்பியும் அவர் மனைவியும். ருக்மணி மண்டபத்தின் பின்னால், பந்தி நடக்கிற இடத்தில் நின்று தண்ணீர் டம்ளர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும் மேளம் கேட்டதும் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தார். மேளம் நிற்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாலையும் கழுத்துமாக கவிதா அங்கே ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "போ கண்ணு, அங்க சீருக்கு நேரமாவுது" என்று முதுகில் கை வைத்துத் திருப்பி அனுப்பினார் ருக்மணி. அதைப் பார்த்த பிறகு எனக்கு இலையில் உட்காரப் பிடிக்கவில்லை. சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ருக்மணி வரவில்லை. கேட்டால் ஓவர் டைம் என்பார். தொடரில் தீபக் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பினான். மாலதி மறுபடி குங்குமம் வைத்துக்கொண்டாள். எங்கள் கூடம் கை தட்டியது. நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இப்போது போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். பத்து வருஷம் கழித்து, ருக்மணி தவறவிட்ட அதே பகுதி. தளபதி கதவைச் சாத்தினார். டப்பா தட்டோடு நின்றது. மாலதி துடைத்தாள். ருக்மணி கண் கொட்டாமல் பார்த்தார். ஒரு விமர்சனமும் இல்லை. எனக்கு அதுவே வினோதமாக இருந்தது.

கடைசியில் ரேடியோ கரகரத்தது. "நிலையம்... நிலையம்... நான் பேசுவது கேட்கிறதா? தளபதி, இயந்திரம் என்ன ஆயிற்று?" என்றான் தீபக், சுத்தத் தமிழில்.

"பாருங்ணா, தமிழ்லயும் ஸ்டேஷனைத்தான் கூப்புடறான்" என்றார் ருக்மணி.

"பின்ன, மாத்தியா எடுத்திருப்பாங்க?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவரு உசுரோட இருந்தது எனக்கு அன்னிக்கே தெரியுங்ணா."

"யாரு, தீபக்கா?" என்றேன். என்ன மடத்தனம் பாருங்கள்.

"இல்லீங்க. கவிதா அப்பா."

என் வீட்டுக்காரி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள்.

கவிதா வயசுக்கு வந்த வருஷமே ருக்மணிக்குத் தெரிந்திருக்கிறது. கல்கத்தாவுக்குச் சரக்கு விஷயமாகப் போய்வரும் ஏஜென்ட் ஒருவர் தங்கவேலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சின்னதாக ஒரு கடை. கூட ஒரு பெண். கையில் ஒரு குழந்தை. இவரைப் பார்த்ததும் தங்கவேல் கடைக்கு உள்ளே போய்விட்டாராம். ஏஜென்ட் வந்து ருக்மணியிடம் மட்டும் சொன்னார். யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்று ருக்மணி அவரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"காணாமப் போனவரு பொண்டாட்டின்னா ஊரு பாவம்னு சொல்லுமுங்க. உட்டுட்டு ஓடுனவரு பொண்டாட்டின்னா? என்ற புள்ளைய எந்த ஊட்டுல எடுப்பாங்க? அதுனாலதான் அவிய கேட்டப்ப சரின்னுட்டேன். ஆனா மனசு கேக்கலைங்ணா. உசுரோட இருக்கற மனுசனுக்குக் காரியம் பண்றதுன்னா சும்மாவா? ஒருவேளை வந்துட்டா? ஒரு நாளாச்சும் ஊட்டை நெனைச்சுட்டா? அந்த நெனப்புலதான் உங்களை அன்னிக்கு அப்படித் துருவித் துருவிக் கேட்டேன்."

ஸ்டேஷனைக் கூப்பிட்டான். வீட்டைக் கூப்பிடவில்லை. அதற்குத்தான் அவர் பன்னை மடித்துக்கொண்டு எழுந்தார்.

நானும்தான் ஊருக்குக் கதை சொன்னேன், வழிகாட்டும் என்று எழுதினேன். அதை இந்த வாரம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாடகத்தில் அவன் உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும், மாலதிக்குத் தெரியாது. அதனால்தான் நமக்கு அழுகை வருகிறது. எல்லாம் தெரிந்துகொண்டே துடைத்த மாலதியை எந்த டைரக்டரும் எடுக்கவில்லை. அவர் எங்கள் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து டப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"இப்ப எதுக்குங்க்கா இதெல்லாம்..." என்று தொடங்கினாள் என் வீட்டுக்காரி. அப்புறம்தான் அவள் கண் அந்த ஈரத்தலைக்குப் போனது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாங்க அம்மணி. இன்னிக்கு மத்தியானம் ஏஜென்ட்டு கம்பெனிக்கே வந்து சொன்னாரு. ஆஸ்பத்திரியில ஒரு வாரம் கெடந்தாராம். முந்தாநேத்துப் போயிட்டாராம்."

அங்கே எல்லாம் முடிந்திருக்கும். இங்கே ருக்மணிக்குச் செய்ய என்ன பாக்கி இருக்கிறது? பொட்டு இல்லை, தாலி இல்லை, பூ இல்லை. கோடிப் புடவை பத்து வருஷம் முன்பே வந்துவிட்டது. கவிதாவிடம் சொல்ல முடியாது. வேலைக்கு லீவு கேட்டால் யார் செத்தது என்று கேட்பார்கள். சாவுச் சேதி கேட்டால் தலை முழுக வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம் தண்ணீர்.

என் வீட்டுக்காரிக்குத் தாங்கவில்லை. குரலெடுத்து அழத் தொடங்கினாள். ருக்மணி அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

"அழுவாதீங்க அம்மணி. லைன் ஊடு. பக்கத்துல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

அவளும் அடக்கிக்கொண்டாள். அடுத்த நிகழ்ச்சி ஓடியது. மூவரும் அதைப் பார்த்தோம். என்ன நிகழ்ச்சி என்று இப்போது கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் கழித்து ருக்மணியிடமே கேட்டேன். "பேரை மாத்திட்டு எழுதுங்ணா. நம்ம லைன்ல உங்களதை யாரு படிக்கறா?" என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன், எவை என்று சொல்லமாட்டேன்.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலையிலும் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரி எங்கள் தொட்டியில் இருந்ததை இரண்டு குடத்தில் மொண்டு கொண்டுபோய், ருக்மணி வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

துக்கம் விசாரிக்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.